வாளிப் பாலும் ஈய மணலும்



ஒரு கிலோ இரும்பு கனமா, ஒரு கிலோ பஞ்சு கனமா என்று கேட்டால் சிரிப்பீர்கள். ஆனால் ஒரே அளவு டப்பாவில் இரண்டையும் அடைத்து நிறுத்துப் பாருங்கள், வேறுபாடு தெரியும். எடையைக் கன அளவால் வகுத்தால் வருவதே அடர்த்தி. இந்தக் கணக்கை வைத்துத்தான் நம் பேராக் மாநிலம் பல தலைமுறை சோறு உண்டது.

கிந்தா பள்ளத்தாக்கைப் பாருங்கள். ஒரு கன சென்டிமீட்டர் மணல் சுமார் 2.65 கிராம், அதே அளவு ஈயக் கனிமம் சுமார் 7 கிராம். டூலாங் என்னும் மரத்தட்டில் மண்ணை அள்ளித் தண்ணீரில் சுழற்றினால் லேசான மணல் வழிந்தோடும். கனத்த ஈய மணல் அடியில் தங்கும். தண்ணீரில் குனிந்து நின்று இவ்வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் சீனப் பெண்கள். 1938-இல் கட்டிய தஞ்சோங் துவாலாங் ஐந்தாம் எண் ஈயக் கப்பலின் எடை 4,500 டன். இரும்பாக இருந்தும் அது மிதந்தது ஏன்? உள்ளிருக்கும் காற்றையும் சேர்த்துக் கணக்கிட்டால் அதன் அடர்த்தி நீரைவிடக் குறைவு. 1982 வரை அது வேலை செய்தது. 1985-இல் ஈய விலை சரிந்தபின் அத்தொழிலே பெரும்பாலும் ஓய்ந்தது.

இனி நம் தோட்டத்துக்கு வருவோம். 1877-இல் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. ரப்பர் தண்ணீரைவிட லேசு. அதன் அடர்த்தி சுமார் 0.92. ஆகவே கெட்டிப் பாலின் அடர்த்தியும் நீரைவிடச் சற்றுக் குறைவு. தண்ணீர் கலந்தால் அது 1-ஐ நெருங்கும். ஸ்டோரில் பாலுக்குள் மிதக்கவிடும் மெட்ரோலாக் கருவி இதைத்தான் காட்டியது. கெட்டிப் பாலில் ஆழ அமிழும். தண்ணீர்ப் பாலில் மேலெழும்பும். அதன் கோட்டைப் பார்த்து, ஒரு காலன் பாலில் எத்தனை ராத்தல் உலர்ந்த ரப்பர் என்று எழுதுவார்கள். 4 காலன் பால், காலனுக்கு 3 ராத்தல் என்றால் 12 ராத்தல். மங்கில் விழுந்த மழைத்தண்ணீரும் கலந்து, அதே 4 காலனுக்குக் கோடு 2½ காட்டினால் 10 ராத்தல்தான்.

என் பாட்டி பால்வெட்டியவர். "வாளி நெறையத்தான் ஊத்துறேன், கணக்குல கொறையுதுன்றாங்க. அந்தக் கோட்ட நான் எங்கய்யா படிச்சேன்?" என்பார். எழுதியவர் சரியாகவே படித்திருக்கலாம், தவறியும் இருக்கலாம். பாட்டியால் சரிபார்க்க முடியவில்லை. ஆகவே வாய்திறந்து கேட்கவும் முடியவில்லை.

அந்த ரப்பர் மரங்கள் பல இடங்களில் செம்பனைக்கு வழிவிட்டன. ஆனால் பிறர் போட்ட கணக்கைச் சரிபார்க்கும் வேலை நமக்கு இன்னும் இருக்கிறது. ஆகவே செல்வங்களே, அறிவியல் கூடத்தில் அளவுக்குவளையைத் தொடும்போது பக்கத்து மாணவனின் விடையைப் பார்த்து எழுதாதீர்கள். கோட்டை நீங்களே படியுங்கள். நீங்களே வகுத்துப் பாருங்கள்.