மூளிக் கட்டியும் அதன் நான்கு வகைகளும்

நோயொன்றுக்குப் பெயரிடுதல் அதனை அறிந்துகொண்டதாகாது. 1925ஆம் ஆண்டிலே, பொஸ்ரன் நகரத்துப் பீற்றர் பென்ற் பிறிகாம் வைத்தியசாலையிற் பணியாற்றிய சத்திரசிகிச்சை நிபுணர் ஹார்வி குஷிங்கும் அவருடன் ஆய்வு செய்த பேர்சிவல் பெயிலியும், சிறுவரின் மூளியிலே தோன்றும் கொடிய கட்டியொன்றுக்கு மெடுலோபிளாஸ்ரோமா எனப் பெயர் சூட்டினர். மெடுலோபிளாஸ்ற் என்னும் கருநிலைக் கலமொன்றிலிருந்து அது பிறப்பதாக அவர்கள் கொண்டனர். அத்தகைய கலம் எதனையும் பின்வந்தோர் காணவில்லை. கலம் பொய்த்த பின்னரும் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

குஷிங்கின் கைத்திறன் உலகறிந்தது. எனினும் 1930இல் அவர் தொகுத்துரைத்த 61 நோயாளருள் மூன்றாண்டுக்கு மேல் உயிர்வாழ்ந்தவர் ஒருவரே. காரணம் கட்டியின் இயல்பிலேயே இருந்தது. நாலாம் மூளையறையை அடுத்து வளரும் இக்கட்டியின் கலங்கள், மூளையையும் முண்ணாணையும் சூழ்ந்தோடும் பாய்பொருளிலே மிதந்து சென்று தொலைவிடங்களிற் படிகின்றன. ஓரிடத்தை மட்டும் வெட்டி அகற்றும் கத்தி இவற்றை எட்டுவதில்லை. மன்செஸ்ரரில் எடித் பற்றர்சன் இதனை நன்குணர்ந்தார். மூளை முழுவதற்கும் முண்ணாண் முழுவதற்கும் கதிர்வீச்சு அளிக்கும் முறையை அவர் மேற்கொண்டார். பார் என்பாருடன் சேர்ந்து 1953இல் அவர் வெளியிட்ட அறிக்கையில், இவ்வாறு சிகிச்சை பெற்ற 27 நோயாளருள் ஏறத்தாழ 65 சதவீதத்தினர் மூன்றாண்டு கடந்தும் உயிருடன் இருந்தனர். அறுபத்தொருவரில் ஒருவர் என்ற நிலையுடன் ஒப்பிட்டால் இதன் பெருமை விளங்கும்.

ஆயின் அந்த வெற்றிக்குக் கொடுத்த விலை சிறிதன்று. நெடுங்காலம் வழங்கிவந்த 36 கிரே அளவான கதிர்வீச்சு, வளரும் மூளையின் கற்குந் திறனைக் குன்றச் செய்தது. முள்ளந்தண்டின் வளர்ச்சியைத் தடுத்தது. ஓமோன் சுரப்புக்களைக் குலைத்தது. வயது குறையக் குறையத் தீங்கு மிகுந்தது. சத்திரசிகிச்சையும் தீங்கற்றதன்று. கட்டியை அகற்றிய சில நாட்களுக்குள் ஏறத்தாழ நால்வரில் ஒரு பிள்ளை பேச்சிழந்து விடுவதுண்டு. பேச்சு மீண்டாலும் முன்போல் அமைவது எல்லோர்க்கும் வாய்ப்பதில்லை. இவ்வளவு இருந்தும், 1.5 சதுர சென்ரிமீற்றருக்கு மேல் எஞ்சியிருப்பின் நோயாளி பேராபத்துப் பிரிவைச் சேர்ந்தவர் என்ற விதி வேரூன்றியிருந்தமையால், மூளைத்தண்டில் ஒட்டிய துணுக்கையுங்கூட எடுத்துவிட வேண்டுமென்ற நெருக்குதல் சத்திரசிகிச்சையாளர்க்கு இருந்தது. நுணுக்குக்காட்டியின் கீழ் ஒன்றாகத் தோன்றியவை யாவும் ஒரே நோயெனக் கருதப்பட்ட காலம் அது. 1990களில் மருந்துச் சிகிச்சையும் சேர்ந்தபோது, ஆபத்துக் குறைந்தோர்க்குக் கதிர்வீச்சு 23.4 கிரேயாகக் குறைக்கப்பட்டது. இஃது ஓர் ஆறுதல்.

அடுத்த திருப்பமும் பொஸ்ரனிலேயே நேர்ந்தது. பரம்பரையலகுகளின் தொழிற்பாட்டை ஒருங்கே அளக்கும் கருவிகள் வந்தபின், பல நாட்டு ஆய்வாளரும் 2010இல் அந்நகரிற் கூடித் தத்தம் முடிவுகளை ஒப்புநோக்கினர். மெடுலோபிளாஸ்ரோமா நான்கு வேறு நோய்களின் பொதுப்பெயர் என்பது துணிபாயிற்று; அது 2012இல் அச்சேறியது. கலங்களுக்கிடையே செய்தி கடத்தும் பாதைகளின் பெயரால் முதலிரண்டும் வின்ற் என்றும் சொனிக் ஹெட்ஜ்ஹொக் என்றும் வழங்கலாயின. ஏனையிரண்டின் மூலம் தெளிவாகாமையால் அவை மூன்றாம் கூட்டம், நான்காம் கூட்டம் என வெறும் எண்களையே பெற்றன. 1925இன் துணிச்சலினும் இவ்வடக்கம் மேலானதென்பது என் கருத்து. வின்ற் வகை மூளியிலன்றி மூளைத்தண்டின் பிற்பகுதியிலிருந்தே பிறக்கின்றதென்பதும் 2010இலேயே வெளியாயிற்று. இவ்வகையுற்ற பிள்ளைகளுள் 95 சதவீதத்துக்கு மேற்பட்டோர் பிழைக்கின்றனர். மூன்றாம் கூட்டத்தில், மிக் என்னும் பரம்பரையலகு பெருகியிருப்போருள் அரைவாசிப் பேர்தாமும் பிழைப்பது அரிது.

கத்தியைப் பற்றிய கேள்வி 2016இல் மீண்டும் எழுந்தது. 787 நோயாளரின் பதிவுகளை ஆராய்ந்தபோது, வகையையும் ஏனைய சிகிச்சைகளையும் கணக்கிற் கொண்டால், முழுவதும் அகற்றப்பட்டோர்க்கும் சிறு துணுக்கு எஞ்சியோர்க்கும் இடையே உயிர்வாழ்விற் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. பெரும்பகுதி எஞ்சியவிடத்து, நோய் மீளாதிருத்தலில் நான்காம் கூட்டத்தார்க்கு வேறுபாடு இருந்தது. ஆகவே இயன்றவரை அகற்றுக என்னும் விதி வழக்கொழியவில்லை. பேச்சையும் நடையையும் பணயம் வைத்து இறுதித் துணுக்கைத் தேடவேண்டியதில்லை என்பதே பெறப்பட்டது.

கதிர்வீச்சின் கதை இத்துணை எளிதன்று. மூன்று முதல் ஏழு வயதுடைய பிள்ளைகளுக்கு, வகை நோக்காது 18 கிரேயாகக் குறைத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வின் முடிவு 2021இல் வெளிவந்தது. நோய் மீளாது ஐந்தாண்டு கடந்தோர் குறைந்த அளவில் 71 சதவீதம். வழமையான அளவில் 83 சதவீதம். வகையறியாக் கருணை பிள்ளைகளுக்குக் கேடாயிற்று. எனவே வின்ற் வகையினர்க்கு மட்டும் அளவைக் குறைக்கும் ஆய்வுகள் தொடங்கப்பெற்றன. அவ்வகையினர்க்கும் கதிர்வீச்சை முற்றாக விலக்கிய சிறு ஆய்வொன்று, நோய் மீண்டமையால் இடையில் நிறுத்தப்பட்டது. மறுபுறம், சொனிக் ஹெட்ஜ்ஹொக் வகையினருட் சிலர் ரி.பி.53 என்னும் பரம்பரையலகின் விகாரத்தைப் பிறப்பிலேயே கொண்டவர்கள். இவர்களிற் கதிர்வீச்சே புதிய புற்றுநோய்களைத் தோற்றுவிக்கவல்லது.

உலக சுகாதார நிறுவனத்தின் 2016ஆம் ஆண்டுப் பகுப்பிலே மூலக்கூற்று வகைகள் இடம்பெற்றன. விலையுயர்ந்த கருவிகள் இல்லாத நாடுகள் இதனாற் கைவிடப்பட்டனவா என்று கேட்போர் உளர். பீற்றா கற்றெனின் என்னும் புரதம் கலத்தின் கருவினுள் திரண்டிருத்தல் வின்ற் வகையின் அடையாளம். பிறபொருளெதிரி கொண்டு சாயமூட்டும் சாதாரண நோயியல் ஆய்வுகூடமே மெழுகிற் பதித்த ஒரு சிறு வெட்டுத்துண்டில் இதனைக் காணவியலும்.