பெட்டியை விட்டு விளக்குக்குப் போன கிரேட்

தாராபுரத்து மத்தியான வெயிலில், பனை நிழலில் நிற்கும் ஒரு கழுதையைக் கறுப்பு வெள்ளை பிலிமில் எடுத்துப் பாருங்கள். மன்னார்த் தீவில் கழுதைக்கும் பனைக்கும் பஞ்சமில்லை, வெண்மணலுக்கும்தான். பிலிமைக் கழுவிப் பார்த்தால் மணல் அடர் கறுப்பாக நிற்கும். கழுதை நின்ற இடம் கிட்டத்தட்டக் கண்ணாடி. அதைச் சாதாரணக் கடதாசியில் பிரிண்ட் போட்டால் மணல் வெளிறிவிடும், கழுதை கரிக்கட்டை.

அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரர்கள் இதற்குப் பெட்டி பெட்டியாகக் கடதாசி வைத்திருந்தார்கள். வெயில் படத்துக்குக் கறுப்பு வெள்ளை வேறுபாட்டைக் குறைக்கும் சாஃப்ட், மந்தாரப் படத்துக்கு அதைக் கூட்டும் ஹார்ட், இடையில் நார்மல்; இந்த வகைதான் கிரேட். அவசரத்துக்குத் தேடும் பெட்டிதான் எப்போதும் காலியாக இருக்கும்.

1879இல் அல்பிரட் ஹார்மன், லண்டனுக்குப் பக்கத்து இல்ஃபோர்டில் உலர்தட்டு செய்யத் தொடங்கினார். அந்தக் கம்பனி 1940இல் மல்ட்டிகிரேட் கடதாசியை வெளியிட்டது. ஒரே கடதாசியில் இரண்டு வகை வெள்ளி உப்பு. ஒன்று நீல ஒளியில் ஹார்டாகப் பதியும். மற்றது பச்சை ஒளியில் சாஃப்டாகப் பதியும். படத்தைப் பெரிதாக்கிப் பதிக்கும் என்லார்ஜரின் விளக்குக்குக் கீழே மஞ்சள் பில்டரை வைத்தால் நீலம் தடைபட்டு படம் சாஃப்ட். மஜெந்தாவை வைத்தால் பச்சை தடைபட்டு ஹார்ட். இன்றைய பூச்சின் அமைப்பு வேறு, நீலம் ஹார்ட், பச்சை சாஃப்ட் என்ற கணக்கு மட்டும் அப்படியே இருக்கிறது. மிக சாஃப்டான 00 முதல் மிக ஹார்டான 5 வரை பன்னிரண்டு பில்டர் போதும், ஒரே பெட்டிக் கடதாசி.

கிரேட் பெட்டியை விட்டு விளக்குக்குக் குடிபோனதில்தான் வில்லங்கம். அந்த பில்டர்கள் டங்ஸ்டன் பல்பை நம்பிச் செய்தவை. என்லார்ஜருக்குள் எல்இடியைப் பொருத்தினால் 2 என்று எழுதியிருப்பது 2ஆக இருக்காது. நானும் பச்சை, நீல எல்இடிகளைக் கோத்து, கண்ணை நம்பிக் கலவை பார்த்து, ஒரு பெட்டிக் கடதாசியைப் பாழாக்கியவன். கண்ணுக்குப் பச்சைதான் பிரகாசம், நீலம் மங்கல். கடதாசிக்கு அந்தக் கண் கிடையாது.

எந்தக் கலவை எந்த கிரேட் தரும் என்று அளக்க ஒரு ஸ்டெப் வெட்ஜ் வேண்டும்: 21 கட்டங்கள், கட்டத்துக்குக் கட்டம் அடர்த்தி 0.15, அதாவது அரை ஸ்டாப் கூடும். அதைக் கடதாசிமேல் பதித்து, ஒவ்வொரு பச்சை நீலக் கலவைக்கும் ஒரு துண்டு போடுங்கள். முழுக் கறுப்புக்கும் வெறும் வெள்ளைக்கும் நடுவே எத்தனை கட்டம் என்று எண்ணுங்கள். ஏழு என்றால் 7 × 0.15 = 1.05. நூறால் பெருக்கினால் 105, அது கிரேட் 2க்குப் பக்கம். பன்னிரண்டு கட்டம் வந்தால் 180, அதுதான் 00; நம் கழுதைக்கு வேண்டியது அந்தப் பக்கத்துக் கலவை. மூன்றே கட்டம் என்றால் 5ஐ நெருங்கிவிட்டீர்கள்.

துண்டுகளை ஈரத்தோடு எண்ணாதீர்கள். காய்ந்தால் படம் சற்றுக் கறுக்கும், ஈரத்தில் வெள்ளையாகத் தெரிந்த கட்டம் அப்போதுதான் சாம்பலாகக் கண்ணில் படும்.