இரைச்சலும் எண்ணும்: இல்லத்து இசையின் மின்வரலாறு

நோய் எங்குள்ளதோ அங்கேயே மருந்து சென்று சேர்தல் வேண்டும். மருத்துவத்துக்கு உரிய இந்நெறி மின்னியலுக்கும் பொருந்தும். இன்று இணையவழியாக இல்லத்தில் இசை கேட்போர் பெருகியுள்ளனர். அவருள் சிலர், இசை இன்னும் தெளிவாக ஒலிக்க வேண்டும் என்னும் வேட்கையால், வீட்டிலுள்ள கணினியையும் இசைக்கருவியையும் கம்பிகளால் ஒன்றிணைக்கும் ‘சுவிட்சு’ என்னும் சிறு பெட்டிக்கும், அதற்கு மின்சாரம் ஊட்டும் மின்வழங்கிக்கும் பெரும்பொருள் செலவிடுகின்றனர். இசைக்கென்றே விற்கப்படும் இப்பெட்டிகள் சாதாரணப் பெட்டிகளைவிடப் பன்மடங்கு விலை உடையவை. அவ்விலைக்கேற்ற பயன் உண்டா? விடை காண வேண்டின், மின்சாரமும் இசையும் ஒரே கருவிக்குள் புகுந்த காலந்தொட்டு நிகழ்ந்தவற்றை அறிதல் வேண்டும்.

மின்கலத்தை நீக்கிய முயற்சி

1906ஆம் ஆண்டில் அமெரிக்கரான லீ டி ஃபாரஸ்ட் மூன்று மின்வாய்கள் கொண்ட வால்வை அமைத்தார். மெல்லிய மின்னலையைப் பெருக்கும் ஆற்றல் அதனால் மனிதனுக்குக் கிட்டியது. 1920ஆம் ஆண்டுகளில் வானொலிப் பெட்டி இல்லந்தோறும் நுழைந்தது. ஆனால், அப்பெட்டிகள் மின்கலங்களால் இயங்கின. வால்வின் இழையைச் சூடேற்ற அமிலம் நிறைந்த மின்கலம் ஒன்று. உயரழுத்தம் தர உலர்கலங்கள் வேறு. அமிலக்கலம் அடிக்கடி மின்னேற்றப்பட வேண்டும். உலர்கலமோ தீர்ந்தவுடன் எறியப்பட வேண்டும்.

வீட்டு மின்சாரத்தை நேரே பயன்படுத்தினால் என்ன? அங்கேதான் முதல் தடை எழுந்தது. வீட்டுக்கு வரும் மின்சாரம் ஒரே திசையில் ஓடுவதன்று, மாறிமாறி ஓடுவது. அமெரிக்காவில் அது நொடிக்கு 60 சுழற்சி. ஐரோப்பாவிலும், மலேசியா, சிங்கப்பூரிலும் 50 சுழற்சி. இதனைத் திருத்தி ஒரு திசைப்படுத்தினாலும், 50 சுழற்சி மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை ஏற்றத்தாழ்வு எஞ்சும். அவ்வேற்றத்தாழ்வு ஒலிபெருக்கியில் உறுமலாகக் கேட்கும்.

அஃது ஏன் கேட்கிறது என்பது ஈண்டு நோக்கத்தக்கது. மின்வழங்கி தரும் மின்னோட்டத்தையே செதுக்கிப் பெருக்கி இசையாக்குகிறது. ஆதலின், கல்லில் உள்ள மாசு சிலையிலும் தோன்றுகிறது.

1925ஆம் ஆண்டில் கனடா நாட்டின் டொராண்டோ நகரில் எட்வர்ட் ரோஜர்ஸ் என்னும் இளைஞர், மின்கலமின்றி வீட்டு மின்சாரத்தால் இயங்கும் வானொலிப் பெட்டியைக் காட்சிக்கு வைத்தார். 1927இல் அந்நகரில் அவர் தொடங்கிய சி.எஃப்.ஆர்.பி. நிலையத்தின் பெயரில், ‘ஆர்.பி.’ என்னும் எழுத்துகள் ‘ரோஜர்ஸின் மின்கலமற்ற பெட்டி’ என்பதையே குறிப்பன. திருத்தியும், மின்தேக்கியும், கம்பிச்சுருளும் சேர்ந்து உறுமலை அடக்கின. அன்று மின்வழங்கியைச் செம்மைசெய்தவர் இசையையே செம்மைசெய்தார். இவ்வுண்மை இசைப்பிரியர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

ஒலி எண்ணாகியது

மற்றோர் இடர்ப்பாடு தொலைபேசித் துறையில் தோன்றியது. நெடுந்தொலைவு செல்லும் குரல் வழியில் தேய்கிறது. ஆதலின் இடையிடையே பெருக்கிகள் வைக்கப்பட்டன. ஒவ்வொரு பெருக்கியும் குரலோடு இரைச்சலையும் பெருக்கிற்று. பெல் ஆய்வுக்கூடத்தின் ஜான்சன், எந்தக் கடத்தியிலும் வெப்பத்தால் இரைச்சல் பிறப்பதை அளந்து காட்டினார். 1928இல் அவருடைய உடனாய்வாளர் நைக்விஸ்ட் அதன் காரணத்தைக் கணக்கால் நிறுவினார். இரைச்சலை முற்றும் ஒழித்தல் இயலாது என்பது தெளிவாயிற்று.

ஒழிக்க இயலாத பகையை வேறு வழியால் வென்றவர் அலெக் ரீவ்ஸ் என்னும் ஆங்கிலப் பொறியாளர். பாரிஸ் நகரின் தொலைபேசி ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய அவர், ஒலியை அலையாக அனுப்பாமல், அதன் உயரத்தை இடைவிடாது அளந்து அவ்வளவுகளை எண்களாக அனுப்பும் முறையைக் கண்டார். 1938இல் அதற்குப் பிரெஞ்சுக் காப்புரிமை பெற்றார்.

இதன் நுட்பத்தை ஏடு பெயர்த்தெழுதும் வழக்கத்தால் விளக்கலாம். ஓர் ஓவியத்தைப் பார்த்து மற்றோர் ஓவியம், அதைப் பார்த்து வேறோர் ஓவியம் என வரைந்துகொண்டே போனால், மூலத்தின் சாயல் தேய்ந்துபோகும். ஓலையிலுள்ள எழுத்தின் நிலை அவ்வாறன்று. எழுத்து மங்கியிருப்பினும், அது ‘க’ என்று படிக்கக் கூடுமாயின், பெயர்த்தெழுதுவோர் புத்தம்புதிய ‘க’வையே எழுதுவார். பழைய மங்கல் புதிய ஏட்டுக்கு வருவதில்லை. ரீவ்ஸின் முறையில் வழிநிலையம் ஒவ்வொன்றும் இத்தகைய எழுத்தாளரே. உண்டு, இல்லை என்னும் இரண்டே குறிகளைப் பிரித்தறிய முடிந்தால், இரைச்சல் அங்கேயே நின்றுவிடும். வால்வுகளால் பரவலாக நிறைவேறாத இக்கருத்து, டிரான்சிஸ்டர் தோன்றிய பின்னரே பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. 1962இல் அமெரிக்காவின் பெல் நிறுவனம் இம்முறையில் தொலைபேசித் தடங்களை அமைத்தது.

எழுதுவோர் பிழைவிடுதலும் உண்டு. அதற்கும் வழி காணப்பட்டது. 1960இல் ரீட், சாலமன் என்னும் இரு கணித அறிஞர்கள், எண்களோடு சில துணையெண்களைச் சேர்த்தனுப்பிப் பிழையைக் கண்டறிந்து திருத்தும் முறையை வெளியிட்டனர். 1982இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒலிக் குறுந்தகடு அம்முறையையே மேற்கொண்டது. அத்தகட்டில் ஒலி, நொடிக்கு 44,100 முறை, முறைக்கு 16 இலக்கங்களாக, வலம் இடம் ஆகிய இரு தடங்களில் பதியப்படுகிறது. நொடிக்கு 14,11,200 இலக்கங்கள் ஆகின்றன.

வலையமைப்பின் வருகை

1973ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெட்கால்ஃப், டேவிட் பாக்ஸ் ஆகியோர் கணினிகளை இணைக்கும் ‘ஈதர்நெட்’ என்னும் அமைப்பை உருவாக்கினர். 1990இல் கல்பனா என்னும் இந்தியப் பெயர் தாங்கிய அமெரிக்க நிறுவனம், அவ்வமைப்புக்கான முதல் சுவிட்சை விற்பனைக்குக் கொணர்ந்தது. அஞ்சல் நிலையத்தார் முகவரி பார்த்துக் கடிதங்களைப் பிரிப்பது போலச் செய்திப் பொதிகளை உரிய வழியில் அனுப்புவதே சுவிட்சின் தொழில்.

ஒவ்வொரு பொதியிலும் சரிபார்ப்பு எண் ஒன்று உண்டு. அது பொருந்தாத பொதி எறியப்படும். சர்ஃப், கான் ஆகியோர் 1974இல் வகுத்த நெறியின்படி, வந்துசேராத பொதி மீண்டும் அனுப்பப்படும். குறுந்தகட்டின் தரத்திலுள்ள இசைக்கு வேண்டியதைப் போல ஏறத்தாழ 70 மடங்கு எண்களைச் சாதாரண வீட்டுச் சுவிட்சின் நொடிக்கு 10 கோடி இலக்கத் தடம் கொண்டு செல்லும். வந்த எண்கள் இசைக்கருவியின் நினைவகத்தில் தேங்குகின்றன. அங்கிருந்து, அக்கருவிக்குள் இருக்கும் கடிகாரத்தின் தாளத்துக்கேற்ப ஒலியாகின்றன. வழியிலிருந்த சுவிட்சின் கடிகாரத்துக்கு அத்தாளத்தில் பங்கில்லை.

‘காலத்தடுமாற்றம்’ என்னும் குறை உண்மையில் இருந்ததன்றோ எனச் சிலர் வினவுவர். இருந்தது. 1980ஆம் ஆண்டுகளில் தகடு சுழற்றும் கருவியும் எண்ணை ஒலியாக்கும் கருவியும் தனித்தனியே வந்தபோது, தாளமும் எண்ணும் ஒரே கம்பியில் சென்றன. கம்பியில் நேர்ந்த தடுமாற்றம் ஒலியிலும் ஏறக்கூடியதாயிருந்தது. ஆனால், அந்நோய் அக்கம்பிக்கு உரியது. தாளத்தைச் சுமக்காத வலையமைப்புக் கம்பிக்கு அம்மருந்து எதற்கு?

எஞ்சிய உண்மை

எனினும், சுவிட்சும் மின்வழங்கியும் இசையை எவ்வகையிலும் தொடமாட்டா என்று முடிந்த முடிபாகக் கூறிவிடலும் முறையன்று. எண் மாறாது, ஆனால், கம்பி உலோகமாதலின், அதன் வழியே வேண்டாத மின்னோட்டமும் செல்லலாம். இக்காலச் சிறு மின்வழங்கிகள் மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை துண்டித்து இணைத்து இயங்குவன. அவற்றிலிருந்து கசியும் மின்னோட்டம், எண் மீண்டும் அலையாகும் இடத்தை எட்டினால், மெல்லிய இரைச்சல் எழக்கூடும். இதனைத் தடுக்கவே ஈதர்நெட் இணைப்பின் ஒவ்வொரு முனையிலும் 1,500 வோல்ட்டைத் தாங்கும் சிறு மின்மாற்றி வைக்கப்படுகிறது. உலோக உறை போர்த்திய கம்பியைப் பயன்படுத்தினால், அவ்வுறையே மின்மாற்றியைச் சுற்றிச் செல்லும் குறுக்கு வழியாகிவிடுதல் உண்டு. உறையில்லாக் கம்பியோ, ஒளியிழையோ, கம்பியில்லா இணைப்போ இக்குறையைக் குறைந்த செலவில் நீக்கும். பெருக்கியின் மின்வழங்கி நன்றாயிருத்தல் 1925இல் போலவே இன்றும் இன்றியமையாதது. அங்கே மின்னோட்டமே இசையாகிறது.

செவியின் சான்று

கேட்டவர் சொல்வது பொய்யாகுமா எனின், பொய்யன்று. ஆனால், விலையறிந்த உள்ளம் செவிக்கு முன்னே சென்றுவிடும். 1950இல் பெல் ஆய்வுக்கூடத்தின் மன்சன், கார்ட்னர் ஆகியோர் இதற்கோர் உரைகல்லை வகுத்தனர். இரண்டு ஒலிகளைக் கேட்பித்து, மூன்றாவதாக ஒலிப்பது அவ்விரண்டில் எது எனக் கேட்பதே அது. இன்று அதைப் பயன்படுத்துவோர் எது இயங்குகிறது என்பதை மறைத்து, ஒலியளவையும் சமமாக்குவர். பத்து முறையும் சரியாகச் சொல்லுதல், வெறும் ஊகத்தால் 1,024இல் ஒருமுறையே கூடும். இவ்வுரைகல்லில் தேறிய வேறுபாடே பொருள் கொடுத்து வாங்கத்தக்கது. ஒரு நண்பரின் உதவியுடன் எந்த இல்லத்திலும் இச்சோதனையைச் செய்யலாம், செலவோ ஏதுமில்லை.

முன்னோர் உறுமலை அடக்கப் பட்ட பாடு வீண்போகவில்லை. அவர்கள் கண்ட மருந்து அவர்கள் காலத்து நோய்க்கு உண்மையான மருந்து. நோய் நீங்கிய இடத்தில் அதே மருந்தைப் பன்மடங்கு விலைக்கு வாங்குவது அவர்களைப் போற்றுவதாகாது. அலை எங்கே, எண் எங்கே எனப் பிரித்தறிந்து, அலை இருக்கும் இடத்தில் பொருளையும் கருத்தையும் செலுத்துவதே அவர்கள் காட்டிய வழியில் நடப்பதாகும்.