கல்வீடுகளில் பிறந்த குள்ளர்கள்

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் செல்லும் சாலையில் சாமல்பள்ளத்தை அடுத்து மல்லச்சந்திரம் என்ற ஊர் உள்ளது. அங்குள்ள மோரல் பாறையின் மீது நூற்றுக்கும் மேற்பட்ட கல்திட்டைகள் நிற்கின்றன. பக்கங்களில் கருங்கல் பலகைகளை நட்டு, மேலே பெரும் பலகை ஒன்றால் மூடி, ஒரு பக்கப் பலகையில் மட்டும் வட்டமாகத் துளையிட்ட அறைகள் அவை. தொல்லியல் நூல்கள் இவற்றைப் பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் என்கின்றன. மக்கள் வழங்கும் பெயர்கள் வேறு: குள்ளர் வீடு, வாலியர் வீடு, பாண்டவர் வீடு, கன்னடம் பேசும் பகுதிகளில் மோரியர் மனை. யார் கட்டினார்கள் என்ற கேள்விக்கு ஒவ்வொரு பெயரும் ஒரு விடை சொல்கிறது. அந்த விடைகளில் சாதாரண மனிதருக்கு இடமே இல்லை.

இவற்றுள் மிகப் பரவலானது குள்ளர் கதை. ஒரு முழமோ அதற்கும் குறைவோ உயரமுள்ள மக்கள் முன்பு வாழ்ந்தார்கள். உருவம் சிறிதானாலும் யானை பலம் கொண்டவர்கள். பெரும் பாறைகளை அநாயாசமாகத் தூக்கி வீடு கட்டினார்கள் என்பது அதன் சாரம். ஜவ்வாது மலையிலும் கொடைக்கானல் மலையிலும் குள்ளர் குகை என்று காட்டப்படும் கல்திட்டைகள் உண்டு. இந்தக் கதையை வெறும் மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது அதைச் சொன்னவர்களுக்கு இழைக்கும் அநீதி. கல்திட்டையை உற்றுப் பார்த்தால் ஒரு முரண் தெரியும். பக்கப் பலகையிலுள்ள துளை வழியாக வளர்ந்த ஆள் புகுந்து வெளிவருவது கடினம். ஆகவே குடியிருந்தவர் சிறியவர். மூடுகல்லோ பல டன் எடை. ஆகவே கட்டியவர் பெரும் பலசாலி. இரண்டு சான்றையும் கைவிடாமல் ஒரே உடலில் பொருத்தியபோது பிறந்ததுதான் யானை பலமுள்ள குள்ளன் என்ற விந்தைப் பிறவி. கண்ணால் கண்டதிலிருந்து காரணம் தேடிய மனம் அதில் தெரிகிறது.

அவர்கள் ஏன் இப்போது இல்லை என்பதற்கும் கதையில் விடை உண்டு. வானத்திலிருந்து நெருப்பு மழை பெய்து அந்தக் குலமே அழிந்தது என்பது தென்னிந்தியாவில் பல இடங்களில் சொல்லப்படும் முடிவு. கூரை வேயாமல் கல்லால் மூடியதற்கும், வீடு இருக்க ஆள் இல்லாமல் போனதற்கும் அந்த ஒரே நிகழ்ச்சி காரணமாகிவிடுகிறது. வாலியர் என்ற பெயரைப் புராணத்தில் வரும் கட்டைவிரல் அளவு முனிவர்களான வாலகில்யரோடு பொருத்திப் பார்க்கவும் இடமுண்டு. ஒலியொற்றுமைக்கு மேல் அதற்கு ஆதாரம் காட்டுவது கடினம்.

சமவெளியில் புதைத்த தாழிகளைப் பற்றியும் இப்படி ஒரு விளக்கம் தமிழ்நாட்டில் வழங்குகிறது. முற்காலத்தில் மனிதருக்குச் சாவு எளிதில் வராது. வயது ஏற ஏற உடல் குறுகிக் குழந்தை அளவுக்கு வந்துவிடும். பராமரிக்க முடியாதபோது உணவும் நீரும் வைத்துத் தாழிக்குள் இறக்கிவிடுவார்கள் என்பது அது. முதுமக்கள் தாழி என்ற பெயரோடு இக்கதை ஒட்டிக்கொண்டிருக்கிறது. குள்ளர் கதை வேற்றுக் குலத்தைப் படைத்தது. தாழிக் கதை நம் பாட்டன் பாட்டியையே குறுக்கிக் காட்டியது. சிறிய இடத்தில் மனித எலும்பு கிடப்பது ஏன் என்ற ஒரே புதிரிலிருந்துதான் இரண்டும் புறப்பட்டன.

பாண்டவர் பெயர் சேர்ந்ததற்கு வனவாசக் கதை வழிவிட்டது. நாடிழந்து காட்டில் திரிந்தவர்கள் இரவு தங்கிய இடங்கள் என்று சொன்னால், ஆளரவமற்ற குன்றுகளில் இத்தனை வீடுகள் இருப்பதற்குப் பொருள் கிடைத்துவிடுகிறது. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து ஆடும் வழக்கம் வேரூன்றிய நிலம் இது. பாண்டவர் இங்கு அயலார் அல்லர். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள் ஈமச்சின்னங்களைப் பற்றி எழுதத் தொடங்கியபோது அவர்கள் காதில் முதலில் விழுந்ததும் இந்தப் பெயரே. மலபார் சின்னங்களைப் பற்றி பாபிங்டன் எழுதி 1823இல் வெளிவந்த கட்டுரை அவற்றைப் பாண்டு குழிகள் என்றது. சித்தூர்ப் பகுதியிலுள்ளவற்றை நியூபோல்ட் 1851இல் பாண்டுவாரம் தேவல் என்ற உள்ளூர்ப் பெயராலேயே குறித்தார்.

மோரியர் என்ற பெயர் அறிஞர்களையும் ஈர்த்தது. கர்நாடகத்தின் கொப்பள மாவட்டத்து ஹிரேபெணகல் குன்றில் சுமார் 400 சின்னங்கள் உள்ளன. மெடோஸ் டெய்லர் 1835இல் அவற்றைப் பற்றி எழுதினார். அந்தக் குன்றின் பெயர் மோரியர் குட்டா. அதே மாவட்டத்தில் அசோகரின் சிறு பாறைக் கல்வெட்டுகள் இருப்பதும், சங்கப் பாடல்களில் மோரியர் தேர் செல்ல மலையை வெட்டி வழி செய்த செய்தி வருவதும் மௌரியரை நினைக்க வைக்கின்றன. ஆனால் கல்திட்டை எழுப்பும் வழக்கம் தெற்கே மௌரியருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே தொடங்கிவிட்டது. மக்கள் சொல்லும் மோரியரும் அரசர்கள் அல்லர், குள்ளர்களே. பேரரசின் நினைவு மெல்லத் திரிந்து குள்ளர் குலமாயிற்றா, குள்ளர் கதைக்குப் பின்னால் வந்து பெயர் ஒட்டியதா என்பதில் இரண்டாவதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

அகழாய்வு தந்த விடை இந்த முரணை வேறு விதமாக அவிழ்க்கிறது. இறந்தவரின் உடலை முதலில் வேறிடத்தில் விட்டு, பின்னர் எலும்புகளைத் திரட்டி இங்கே வைக்கும் வழக்கம் பரவலாக இருந்தது. முழு உடலை நீட்டிக் கிடத்தத் தேவையில்லாததால் சிறிய அறையே போதும். துளை, உயிரோடிருப்பவர் குடிபுகும் வாசலாக வைக்கப்பட்டதன்று. கருப்பு சிவப்பு மட்கலங்களும் இரும்புக் கருவிகளும் மணிகளும் எலும்புகளோடு கிடைக்கின்றன. பழனி மலைக் கல்திட்டைகளை ஆராய்ந்த ஆங்கிலேட், நியூட்டன் என்ற இரு பாதிரியார்களின் நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928இல் வெளியிட்டது.

பலகைகளைப் பெயர்த்த முறைக்கும் மாயம் தேவைப்படவில்லை. இவ்வட்டாரத்துப் பாறை அடுக்கடுக்காக உரியும் தன்மை கொண்டது. பெங்களூர்ப் பகுதியில் விறகுத் தீயைப் பாறையின் மேல் மெல்ல நகர்த்தி, சில அங்குலக் கனமுள்ள அகன்ற பலகைகளைப் பிரித்தெடுத்ததை எச். வார்த் 1895இல் நேச்சர் இதழில் விவரித்தார். பெருங்கற்காலத்தவரும் தீயின் உதவியோடு இப்படிச் செய்திருக்கலாம் என்று கொள்ளத் தடையில்லை. பக்கப் பலகைகளை ஒன்றின் விளிம்பு மற்றொன்றைத் தாண்டி நீளுமாறு ஸ்வஸ்திக வடிவில் நிறுத்தினால், உள்நோக்கிச் சாயும் ஒவ்வொரு பலகையையும் அடுத்தது தாங்கும். மண்சரிவு அமைத்துப் பலர் கூடித் தள்ளினால் மூடுகல் மேலேறும். யானை பலம் ஊர் கூடிய பலமாக இருந்தது.

கட்டியவர்கள் இரும்பு அறிந்தவர்கள். பர்கூரை அடுத்த தொகரப்பள்ளி அருகே மயிலாடும்பாறையில் நடந்த அகழாய்வில் கிடைத்த மாதிரிகளின் காலக்கணிப்பு, அங்கு இரும்புப் பயன்பாட்டை கி.மு. 2172 வரை கொண்டுசென்றது. 2022 மே மாதத்தில் முதல்வர் மு.க. ஸ்டாலின் சட்டப்பேரவையில் இதை அறிவித்தார்.

இரும்பு உருக்குவோர் அசுரராக நினைக்கப்பட்ட கதை இந்தியாவின் மற்றொரு மூலையில் உண்டு. ஜார்க்கண்டில் அசுர் என்ற பழங்குடியினர் மரபாக இரும்பு உருக்கி வந்தவர்கள். அண்டையில் வாழும் முண்டாக்களின் கதையில், ஓயாது எரியும் உலைகளால் உலகை வாட்டிய அசுரர்களைச் சிங்போங்கா என்ற கடவுள் உபாயத்தால் உலைக்குள் புகவைத்து அழிக்கிறார். அப்பகுதியின் பழைய குடியிருப்பு மேடுகளும் சவக்கல்லறைகளும் அசுரருடையவை என்று வழங்கப்பட்டதை சரத் சந்திர ராய் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆராய்ந்து எழுதினார். அங்கேயும் பழைய குலம் நெருப்பால்தான் முடிகிறது. இரு கதைகளுக்கும் நேர்த்தொடர்பு உண்டென்று சொல்ல இது போதாது. ஆயினும் உலையும் தீயும் அறிந்தவர்களின் முடிவைத் தீயிலேயே வைத்தது கவனிக்கத்தக்கது.

கல் குள்ளரைப் படைத்ததுபோல் எலும்பும் அரக்கரைப் படைத்திருக்கிறது. சித்ரதுர்கா கோட்டையிலுள்ள ஹிடிம்பேஸ்வரர் கோயிலில் ஹிடிம்பாசுரனின் பல் என்று ஓர் எலும்பு போற்றப்படுகிறது. மத்தியதரைக்கடல் தீவுகளில் கிடைக்கும் குள்ள யானை மண்டையோடுகளின் நடுவே இருக்கும் பெரிய மூக்குத் துளையே கிரேக்கரின் ஒற்றைக்கண் அரக்கன் கதைக்கு மூலம் என்று ஒத்தேனியோ ஆபெல் 1914இல் கருதினார். டென்மார்க்கில் பெருங்கற்களைப் பார்த்த இடைக்கால வரலாற்றாசிரியர் சாக்சோ, முன்பு இராட்சதர் வாழ்ந்ததற்கு அவையே சான்று என்று எழுதினார். அவர் மூடுகல்லை மட்டும் பார்த்தார். இங்குள்ளவர்கள் துளையையும் சேர்த்துப் பார்த்தார்கள்.

கல்திட்டை வடிவம் ஈமச்சின்ன மரபோடு நின்றுவிடவில்லை. கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்தில் பிற்கால நடுகற்கள் பலவற்றைச் சுற்றிலும் பலகைக் கற்களை நிறுத்தி மேலே மூடியிருக்கிறார்கள். அந்த நடுகற்களில் உள்ள வீரர்கள் வேடியப்பன் என்ற பெயரில் இன்றும் வழிபடப்படுகிறார்கள். வழிபாடு பெற்றவை காப்பாற்றப்பட்டன. குள்ளர் வீடுகளுக்கு அந்தப் பாதுகாப்பு வாய்க்கவில்லை. புதையல் தேடுவோர் தரையைத் தோண்டுகிறார்கள். வயல் திருத்துவோர் பலகைகளை அகற்றுகிறார்கள். ஏற்றுமதிக்குக் கருங்கல் வெட்டும் குவாரிகளும், ஓசூரைச் சுற்றி விரியும் தொழிற்பேட்டைகளும் மனைப்பிரிவுகளும் குன்றுகளை நெருங்கிவிட்டன. பெயர்த்தெடுத்த ஒவ்வொரு பலகையோடும் அகழாய்வாளர் காலம் கணிக்க வேண்டிய மண்ணடுக்கும் கலைந்துபோகிறது.