கேம் மாஸ்டர் சொன்னா சொன்னதுதானா? - ஒரு இருநூறு வருஷத் தகராறு

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மாதிரி மேஜை விளையாட்டு ஆடியவர்களுக்கு இந்த வசனம் மனப்பாடமாக இருக்கும்.

"என் ஆளு எப்படிப்பா செத்தான்? ரூல் புக்ல அப்படி இல்லையே?"

"நான் சொல்றேன்ல, செத்துட்டான். அடுத்த ஆள் ஆடு."

அவ்வளவுதான். அன்னைக்கு ஆட்டம் காலி. சில சமயம் குரூப்பே காலி.

ஆடாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். நாலஞ்சு பேர் ஆளுக்கொரு கதாபாத்திரத்தை எடுத்துக்கொள்வார்கள். கேம் மாஸ்டர் (இனி ஜி.எம்) என்பவர் மிச்ச உலகம் மொத்தமும். பூதம், கடைக்காரர், மழை, இடிந்து விழும் சுவர் எல்லாமே அவர்தான். "கதவை உடைக்கிறேன்" என்று நீங்கள் சொன்னால் உடைந்ததா இல்லையா என்று பகடையைப் பார்த்துச் சொல்வதும் அவர்தான். கதைசொல்லி, எதிராளி, நடுவர் என்று மூணு வேலை ஒரே ஆளிடம். சண்டை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

சண்டை வந்ததும் "அவன் ஈகோ புடிச்சவன்ப்பா" என்று ஆள் மேல் பழி போட்டுவிடுகிறோம். ஆனால் இதன் வரலாற்றைத் தோண்டினால் வேறு மாதிரி தெரிகிறது. எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், இது யூசர் செய்த தப்பு இல்லை, டிசைனிலேயே இருக்கும் பிரச்னை.

பிரஷ்யாவில் ஆரம்பித்தது

1824-ல் ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்ய ராணுவ லெப்டினன்ட் 'கிரீக்ஸ்பீல்' என்ற போர் விளையாட்டை வெளியிட்டார். அவர் அப்பா ஏற்கனவே 1812-ல் ராஜாவுக்குக் காட்டிய விளையாட்டின் மேம்பட்ட வெர்ஷன். இரண்டு அணிகள், நடுவில் ஒரு நடுவர். வீரர்கள் உத்தரவை எழுதி அவரிடம் கொடுப்பார்கள். அவர் வரைபடத்தில் படைகளை நகர்த்தி, பகடை உருட்டி, அட்டவணையைப் பார்த்து எத்தனை பேர் செத்தார்கள் என்று சொல்வார். எதிரியின் படையில் உங்கள் கண்ணுக்கு எது தெரியுமோ அதை மட்டும்தான் காட்டுவார். இன்றைய ஜி.எம்-மின் கொள்ளுத் தாத்தா இவர்தான். அந்த நடுவருக்கு ரைஸ்விட்ஸ் வைத்த பெயருக்கு 'நம்பிக்கைக்குரியவர்' என்று அர்த்தம். நம்பிக்கை இல்லாவிட்டால் இந்த ஆட்டமே இல்லை என்பது அந்த மனுஷனுக்கு அப்பவே தெரிந்திருக்கிறது.

பிரச்னை என்னவென்றால், அட்டவணை பார்த்தே பொழுது போய்விடும். 1876-ல் வெர்டி து வெர்னுவா என்ற பிரஷ்ய அதிகாரி "அட்டவணையைத் தூக்கிப் போடுங்க, அனுபவசாலி நடுவர் பார்த்து முடிவு சொல்லட்டும்" என்கிற வழியைக் காட்டினார். ஆட்டம் வேகமானது. கூடவே புதுக் கேள்வியும் வந்தது: நடுவர் சொன்னது தப்பு என்று தோன்றினால் எதைக் காட்டிக் கேட்பது? புத்தகத்தைக் காட்டலாம் என்றால் புத்தகமே இல்லை. அதிலும் நடுவர் உங்களுக்கு மேலதிகாரி என்றால் எவன் வாயைத் திறப்பான்?

விதியா, ஆளா? இன்றைக்கு நம் மேஜையில் நடக்கும் சண்டையும் இதேதான்.

நடுவர் பகடையை மாற்றினால்

1942 மே மாதம். யமாட்டோ போர்க்கப்பலில் ஜப்பானியக் கடற்படை மிட்வே தாக்குதலை மேஜையில் ஆடிப் பார்த்தது. ஆட்டத்தில் அமெரிக்க விமானங்கள் ஜப்பானியக் கப்பல்கள் மேல் குண்டு போட்டன. நடுவர் ஒகுமியா பகடை உருட்டினார். 9 குண்டுகள் விழுந்தன என்று கணக்கு. அகாகி, காகா என்ற இரண்டு விமானந்தாங்கிக் கப்பல்களும் அவுட். தலைமை வகித்த அட்மிரல் உகாகி குறுக்கிட்டு, 9 இல்லை, 3 என்று மாற்றிவிட்டார். காகா மட்டும் மூழ்கியது. அடுத்த கட்ட ஆட்டத்தில் மூழ்கின காகாவும் உயிரோடு திரும்பி வந்துவிட்டது! ஃபுச்சிதாவும் ஒகுமியாவும் சேர்ந்து எழுதிய புத்தகத்தில் இந்தக் கதை வருகிறது. (ஃபுச்சிதா சொன்னதையெல்லாம் அப்படியே நம்பாதீர்கள் என்கிற ஆய்வாளர்களும் உண்டு.)

ஜூன் 4 அன்று நிஜமாகவே குண்டு விழுந்தது. அகாகி, காகா மட்டுமில்லை, சோரியு, ஹிர்யு என்று போன நாலு பெரிய கப்பலும் போச்சு. பகடையை மதித்திருந்தால் ஜெயித்திருப்பார்களா என்பது வேறு கதை. ஆனால் பிடிக்காத விடையை நடுவரே அழித்துவிட்டால், அப்புறம் அந்த ஆட்டம் யாருக்கும் எதையும் சொல்லித் தராது. திரைக்குப் பின்னால் பகடையைப் புரட்டும் ஜி.எம்-கள் கொஞ்சம் யோசிக்கவும்.

சொதப்பலில் பிறந்த ஆட்டம்

1969-ல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் டேவிட் வெஸ்லி என்பவர் 'பிரௌன்ஸ்டைன்' என்ற ஆட்டத்தை நடத்தினார. படைகளை நகர்த்துவதற்குப் பதிலாக ஆளுக்கொரு பாத்திரம், ஆளுக்கொரு ரகசிய நோக்கம். வீரர்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. தனித்தனியாகக் கூடிப் பேசினார்கள். இரண்டு பேர் வந்து "நாங்க டூயல் சண்டை போடப் போறோம்" என்று நின்றார்கள். அதற்கு ரூலே இல்லை! வெஸ்லி அந்த இடத்திலேயே ஒன்றை உருவாக்கினார். ஆட்டம் சொதப்பிவிட்டது என்று அவர் நொந்துபோக, வீரர்களோ "அடுத்தது எப்போ?" என்று கேட்டார்கள்.

அந்தக் கூட்டத்தில் இருந்த டேவ் ஆர்னசன் இதை 'பிளாக்மூர்' ஆக வளர்த்து, கேரி கைகாக்ஸோடு சேர்ந்து 1974-ல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வெளியிட்டார். ஆக, ஜி.எம் போட்ட திட்டத்தை வீரர்கள் கலைத்ததில் பிறந்ததுதான் இந்த மொத்த விளையாட்டுமே. :-)

கைகாக்ஸ் வேறு ரகம். தன் குரூப்பில் கில்லாடியாக ஆடுபவர்களைத் திணறடிக்க 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்' என்ற கொலைகாரக் கல்லறையை எழுதினார். 1975-ல் போட்டியில் ஆடவைத்து, 1978-ல் அச்சிட்டார். 1979-ல் வந்த அவருடைய டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடில் தொல்லை தரும் வீரர்களை என்ன செய்வது என்று ஒரு பகுதியே இருக்கிறது. வானத்திலிருந்து அவன் பாத்திரத்தின் தலையில் மின்னலை இறக்கு, கவர்ச்சிப் புள்ளியைக் குறை, அதற்கும் அடங்காவிட்டால் ஆளை வெளியே அனுப்பு.

இதில் கடைசி யோசனை ஒன்றுதான் உருப்படி என்பது என் கருத்து. மேஜைக்கு வெளியே இருக்கும் மனுஷன் மேல் கோபம், அடி வாங்குவது காகிதத்தில் இருக்கும் பாத்திரம். அவன் திருந்துவானா, இன்னும் வெறுப்பேறுவானா?

பிறகு வந்த வைத்தியங்கள்

1980-ல் க்ளென் பிளாகோ என்பவர் 'டிஃபரன்ட் வேர்ல்ட்ஸ்' பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். ஒருவன் பாத்திரமாக வாழ வருகிறான், ஒருவன் கதைக்கு வருகிறான், ஒருவன் போர்த் தந்திரத்துக்கு, ஒருவன் சக்தி சேர்க்க. என்னைக் கேட்டால் பாதிச் சண்டைக்குக் காரணம் இதுதான். நாலு பேரும் நாலு வேறு ஆட்டம் ஆட வந்துவிட்டு, சண்டையை மட்டும் ரூல் பெயரில் போடுகிறோம்.

1983-ல் வந்த ஜேம்ஸ் பாண்ட் 007 ஆட்டத்தில் வீரர்களுக்கு 'ஹீரோ பாயின்ட்' கொடுத்தார்கள். பகடை காலை வாரினால் நீங்களே செலவழித்து விடையை மாற்றலாம். 2010-ல் 'அபோகலிப்ஸ் வேர்ல்ட்' ஜி.எம் என்ன செய்யலாம் என்பதையே ரூலாக எழுதிவிட்டது. 2003-ல் ரான் எட்வர்ட்ஸ் எந்த விஷயம் ஆட்டத்தில் வரவே கூடாது, எது மறைவாக நடக்கலாம் என்று முன்னாடியே கோடு போடச் சொன்னார். ஆட்டத்துக்கு முன் உட்கார்ந்து பேசும் 'செஷன் ஜீரோ' 2020-ல் டி அண்ட் டி-யின் அதிகாரப்பூர்வ புத்தகத்திலேயே வந்துவிட்டது.

ஊசல் மட்டும் நிற்கவில்லை. 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பு எல்லாவற்றுக்கும் ரூல் எழுதியது. 2008-ல் மேட் ஃபின்ச் "ரூல் வேண்டாம், நடுவர் தீர்ப்பே போதும்" என்கிற பழைய பாணிக்குக் கொடி பிடித்தார். அதாவது வெர்டி து வெர்னுவா திரும்பவும்!

என் பார்வையில், ரூல் கூட்டினாலும் குறைத்தாலும் இந்தச் சண்டை தீராது. ரைஸ்விட்ஸ் வைத்த பெயரில்தான் விடை இருக்கிறது. ஜி.எம்-முக்கு அதிகாரம் புத்தகத்திலிருந்து வருவதில்லை, எதிரே இருக்கும் நாலு பேர் தருகிறார்கள். அது நிலைக்க மூணு விஷயம் போதும்: பகடையை எல்லார் முன்னாடியும் உருட்டுங்கள். சந்தேகம் வந்தால் அந்த நேரத்துக்கு ஒரு தீர்ப்பு, ஆட்டம் முடிந்ததும் புத்தகம். ஆள் மேல் கோபம் என்றால் ஆளிடம் பேசுங்கள், பாத்திரத்தின் தலையில் மின்னல் இறக்காதீர்கள்.

நீங்கள் எந்தக் கட்சி, விதியா ஆளா? பின்னூட்டத்தில் வந்து சண்டை போடுங்க. தீர்ப்பு நான் சொல்ல மாட்டேன். :-)

கொசுறு: இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்த ரெண்டு பேருக்கே ஒத்துப்போகவில்லை. ராயல்டி தகராறில் 1979-ல் ஆர்னசன் வழக்குப் போட்டார், 1981-ல் கோர்ட்டுக்கு வெளியே சமாதானம் ஆனது. அதற்கு மட்டும் பகடை உருட்டவில்லை.