சிறுவர் துஷ்பிரயோகத் தடுப்பு: நிதிக்கு விண்ணப்பிக்கும் முன்

வன்னியில் மீளக்குடியமர்ந்த கிராமங்களின் சங்கங்களுக்கு நிதி விண்ணப்பம் எழுத உதவி வருகிறேன். பல விண்ணப்பங்கள் பாதிக்கப்பட்ட ஒரு பிள்ளையின் கதையோடுதான் தொடங்குகின்றன. பெயரை மறைத்தாலும் வயதும் பாடசாலையும் இருந்தால் ஊருக்கு ஆள் தெரிந்துவிடும். அந்தப் பந்தியை முதலில் நீக்குங்கள்.

நிதி கேட்பது தடுப்புக்காக. எனவே, பிள்ளைகள் எங்கே, எந்த நேரத்தில் பாதுகாப்பின்றி இருக்கிறார்கள் என்று எழுதுங்கள்: தாய் வேலையால் திரும்பும்வரை தனித்திருக்கும் வீடு, மாலை வகுப்பு முடிந்து வரும் வெளிச்சமில்லாத பாதை. பிறகு நீங்கள் செய்யப்போவது என்ன, எத்தனை பிள்ளைகளுக்கு, எத்தனை மாதம், யார் பொறுப்பு, என்ன செலவு என்பதைச் சொல்லுங்கள்.

சங்கத்தின் பதிவுச் சான்றிதழ், யாப்பு, வங்கிக் கணக்கு விபரம், கடந்த ஆண்டுக் கணக்கறிக்கை ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைத் திட்டம் எழுதும்போதே சந்தியுங்கள்.

பிள்ளைகளோடு பழகும் தொண்டர்கள் அனைவரும் கையொப்பமிடும் நடத்தை விதிகளையும் இணையுங்கள். ஒரு பிள்ளை வாய்திறந்தால் யார் கேட்பது, எங்கே அறிவிப்பது என்பது அதில் இருக்கவேண்டும். 1998 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1929. “ஊருக்குள் பேசித் தீர்ப்போம்” என்பதற்கு அங்கே இடமில்லை என்று தெளிவாக எழுதுங்கள்.

நிதி ஒருநாள் முடியும். அதற்குப் பிறகும் அந்த மாலை நேரத்தில் பிள்ளைகளோடு யார் இருப்பார் என்பதே விண்ணப்பத்தின் கடைசிப் பந்தியாக இருக்கட்டும்.