டிரம்மின் வயதை அறிவது எவ்வாறு?



கல்வெட்டும் செப்பேடும் வரலாற்றுக்குச் சான்றாகும் என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆனால் ஒரு பொருளின் மீது எழுத்து இருந்தும் அவ்வெழுத்தை முழுவதும் நம்ப இயலவில்லை என்றால், அதன் வரலாற்றை எவ்வாறு அறிவது? இவ்வினாவுக்கு விடை காண, இன்று நான் ஓர் இசைக்கருவியைச் சான்றாக எடுத்துக்கொள்கிறேன். மேலைநாட்டு இசைக்குழுக்களில் ஒருவரே அமர்ந்து, கைகளாலும் கால்களாலும் முழக்குகின்ற டிரம் தொகுதியே அது.

முற்காலத்தில் பெரிய டிரம்மை ஒருவரும் சிறிய டிரம்மை மற்றொருவரும் முழக்குவது வழக்கமாக இருந்தது. காலால் மிதித்துப் பெரிய டிரம்மை அடிக்கும் கருவி தோன்றிய பின்பே ஒருவர் இருவரது வேலையைச் செய்ய இயன்றது. ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்த வில்லியம் லட்விக், இத்தகைய கால்மிதி ஒன்றை விரைவாக இயங்குமாறு திருத்தி அமைத்தார். 1909-ஆம் ஆண்டில் தம் சகோதரர் தியோபால்டுடன் சேர்ந்து சிக்காகோ நகரில் தொழில் தொடங்கினார். அந்நகரில் ஸ்லிங்கர்லாண்டு என்ற நிறுவனமும், நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் கிரெட்ச் என்ற நிறுவனமும் பெயர் பெற்றன.

இக்கருவிகளின் வயதை அறிவதால் பயன் என்ன என்று நீங்கள் கேட்கலாம். பீட்டில்ஸ் குழுவின் ரிங்கோ ஸ்டார் முழக்கிய லட்விக் தொகுதி ஒன்று, 2015-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் 20 இலட்சம் டாலருக்கு மேல் ஏலம் போயிற்று. பழமைக்கு இத்தகைய விலை கிடைக்கும் உலகில் பொய்ச்சான்றும் பெருகும் அன்றோ? ஏமாற்றும் எண்ணம் சிறிதும் இல்லாமலே, பழுது பார்க்கும் கைகளும் பழைய சான்றை அழித்துவிடுவதுண்டு. ஆகவே உண்மையைப் பிரித்தறியும் முறை நமக்கு வேண்டும்.

பழைய டிரம் ஒன்றைக் கண்டவுடன் நம் கண் முதலில் செல்வது அதன் பெயர்த்தகட்டின் மீது. நானும் தொடக்கத்தில் அதனையே முடிந்த முடிபாகக் கொண்டேன். பின்னரே என் பிழை எனக்குப் புலப்பட்டது. லட்விக் சகோதரர்களின் நிறுவனம் 1929-ஆம் ஆண்டை ஒட்டிக் கான் என்ற நிறுவனத்தின் உடைமை ஆயிற்று. தம் குடும்பப் பெயரையே தொழிலில் வழங்க இயலாமற்போன வில்லியம், 1937-இல் தம் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு டபிள்யூ. எஃப். எல். என்ற புதிய நிறுவனத்தைத் தொடங்கினார். 1955-இல்தான் பழைய பெயரைத் திரும்ப விலைக்கு வாங்கினார். எனவே ‘லட்விக்’ என்று எழுதிய தகடு மூன்று வேறு காலங்களுள் எதனையும் குறிக்கலாம். டபிள்யூ. எஃப். எல். என்ற தகடோ, தான் 1937-க்கு முற்பட்டது அன்று என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லும். ‘இந்த ஆண்டுக்கு முன் இருக்க இயலாது’ என்று அறிவதும் அறிவேயாகும். அதற்கு மேல் அத்தகட்டைக் கொண்டு சொல்வது ஊகம்.

தகட்டில் உள்ள வரிசை எண் உதவாதோ எனின், அதுவும் ஓரளவே உதவும். 1964-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ஆம் நாள் பீட்டில்ஸ் குழு அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றியது. ஏறத்தாழ 7 கோடி மக்கள் அதனைக் கண்டனர். ரிங்கோவின் பெரிய டிரம்மில் எழுதியிருந்த லட்விக் என்ற பெயரையும் உடன் கண்டனர். அதன் பின்பு தொழிற்சாலை இரவு பகலாக இயங்க வேண்டியதாயிற்று. அதற்குச் சற்று முன்னரே தகடுகளில் எண் பொறிக்கும் வழக்கம் அங்குத் தொடங்கியிருந்தது. ஆயினும் தொழிலாளர் எண் முறையைப் பார்த்துத் தகடுகளைப் பொருத்தவில்லை; கைக்கு வந்த தகட்டை எடுத்துப் பொருத்தினர். ஆகவே பெரிய எண் உடையது முன்னும், சிறிய எண் உடையது பின்னும் பிறந்திருக்கக்கூடும். தகட்டைக் கழற்றி வேறொரு டிரம்மில் பொருத்துவதும் அரிதான செயல் அன்று.

இனி, டிரம்மின் தோலைக் கழற்றிவிட்டு உள்ளே நோக்குவோம். டிரம்மின் உடலாகிய கூடு, நம் மிருதங்கத்தைப் போல ஒரே மரத்தைக் குடைந்து செய்வதன்று. பலகையை வளைத்துச் செய்வது. ஸ்லிங்கர்லாண்டு நிறுவனத்தின் ‘ரேடியோ கிங்’ என்னும் புகழ்பெற்ற ஸ்னேர் டிரம்முக்கு, மேப்பிள் மரத்தின் ஒரே பலகையை நீராவியால் பதப்படுத்தி வளைத்தனர். வேறு பல கூடுகள் மெல்லிய மரத்தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிச் செய்யப்பட்டன. லட்விக் கூடு நெடுங்காலம் மூன்று அடுக்கினதாக இருந்தது. மெல்லிய கூடு கோணாதிருக்க, மேலும் கீழும் உட்புறத்தில் வலிய மரவளையம் ஒட்டினர். 1970-களின் நடுப்பகுதியில் ஆறு அடுக்குக் கூடு வந்தது, வளையம் வேண்டாததாயிற்று. ஆதலின் விளிம்பில் அடுக்குகளை எண்ணி, வளையம் உண்டா என்று விரலால் தடவிப் பார்ப்பவன், தகட்டைப் படிப்பவனைவிட மிகுதியாக அறிகிறான்.

உட்புறப் பூச்சும் பேசும். கிரெட்ச் கூட்டின் உள்ளே வெள்ளி நிறப் பூச்சு உண்டு. லட்விக் கூட்டில் முதலில் வெண்மை, 1960-களின் தொடக்கத்திலிருந்து புள்ளியிட்ட சாம்பல் நிறம், அப்பத்தாண்டின் இறுதியில் மரத்தின் இயல்பைக் காட்டும் நிறமற்ற மெருகு என்று பூச்சு மாறியது. சில கூடுகளின் உள்ளே செய்த நாளையே மையால் முத்திரையிட்டிருப்பர். அவ்வாறு இருப்பின் அது நமக்கு வாய்த்த நற்பேறு.

அடுத்து, தோலை இறுக்கும் முடுக்காணிகளையும் அவற்றைப் பற்றும் பிடிப்புகளையும் காண்போம். பழைய நிக்கல் பூச்சு காலத்தால் மங்கி மஞ்சள் படரும். பிற்காலத்துக் குரோமியப் பூச்சு நீலம் கலந்த ஒளியுடன் நிற்கும். இவற்றினும் வியப்பான சான்று ஒன்று உண்டு. சில டிரம்களில் பிடிப்புகள் உலோகத்தால் அன்றி மரத்தால் ஆனவை. காரணம் யாது? இரண்டாம் உலகப் போர்! 1942-இல் அமெரிக்க அரசு, இசைக்கருவிகளில் போருக்கு வேண்டிய உலோகங்கள் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இருத்தலாகாது என்று ஆணையிட்டது. டிரம் செய்வோர் மரத்தைக் கடைந்து பிடிப்புகள் அமைத்தனர். ஸ்லிங்கர்லாண்டு தான் செய்த அத்தகைய தொகுதிக்கு ‘ரோலிங் பாம்பர்’ என்று பெயரிட்டது. போர் முடிந்ததும் உலோகம் திரும்பியது. போர்க்களத்திலிருந்து தொலைவில் இருந்த ஓர் இசைக்கருவியின் மரக்கட்டையிலே, உலகப் போரின் நெருக்கடி பதிந்து கிடக்கிறது!

ஆயின் பிடிப்புகளையும் மாற்றலாம். மாற்ற இயலாதது ஒன்றுண்டு. அதுவே மரத்தில் இட்ட துளை. மரப் பிடிப்பை நீக்கி உலோகப் பிடிப்பைப் பொருத்தியிருந்தால், பொருந்தாத பழைய துளை நம்மைப் பார்த்து உண்மை சொல்லும். அதனை அடைத்து மறைத்தாலும், உட்புறத்தில் அடைப்பின் தடம் தெரியும்.

சான்றுகள் ஒன்றோடொன்று முரண்பட்டால் என்ன செய்வது? எளிதில் மாற்றத்தக்கதற்குக் குறைந்த மதிப்பும், மாற்ற அரியதற்கு மிகுந்த மதிப்பும் அளித்தல் வேண்டும். தோல் நேற்று மாற்றியதாக இருக்கலாம்; 1950-களின் பிற்பகுதியில் பிளாஸ்டிக் தோல் வந்தபின் பழைய டிரம்கள் பலவும் கன்றுத்தோலை இழந்தன. தகடு இடம் மாறலாம். ஆணி மாறலாம். கூட்டின் அடுக்கும், வளையமும், துளையும் எளிதில் மாறா. எல்லாச் சான்றும் ஒத்து நின்றால் ஓராண்டைக் கூறுக. ஒவ்வாவிடின் ‘இந்தப் பத்தாண்டு’ என்று கூறி அமைக. நம் விருப்பத்துக்காக ஓர் ஆண்டைக் கூட்டுவதும் குறைப்பதும் வரலாறு ஆகாது.

நண்பர்களே, டிரம்மின் வெளிப்புறம் அரங்கில் இருப்போர் காண்பதற்காக அழகு செய்யப்பட்டது. உட்புறத்தை யாரும் பார்ப்பார் என்று செய்தவர் எண்ணவில்லை. அதனாலேயே அங்கு உண்மை மிகுதியாகத் தங்கியிருக்கிறது. ஒரு மன்னனைப் பற்றிய புகழுரையைப் படிக்கும்போதும், ஒரு நாட்டின் விழாக்கால அறிக்கையைப் படிக்கும்போதும் இதனை நினைவில் கொள்ளுங்கள். பிறர் காண வைத்த பகுதியைப் படித்த பின்பு, எவரும் பார்க்க மாட்டார் என்று விட்ட பகுதியையும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.